தண்ணித்தொட்டி முக்கு சிக்னல்

ரோஸ்மேரி ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் நல்லூரில் யாரும் கிடையாது. சர்ச்சில் பூசை முடிவதற்குள் மூன்று முறை வெளியே போய் வருவாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது படிப்பு வராததால் அல்ல. முன்னால் உட்கார்ந்து அவள் ஆடுகிற ஆட்டத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதால்.

அவள் அப்பா அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக ஆனவர். துணியை அடுக்கி வெட்டும் மேசை முன்னால் பத்து மணி நேரம் அசையாமல் நிற்கக்கூடிய மனிதர். தனக்கு இது எப்படிப் பிறந்தது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஏட்டி, கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி ஏன் இப்பிடிப் பறக்க? கொஞ்சம் உக்காரேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

பிளஸ் டூ முடித்த கோடையில் அவளைச் செக்கிங் டேபிளில் போட்டார்கள். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கிற வேலை. காலை எட்டரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழ வேண்டும். நாற்பத்தொரு நாள் தாக்குப்பிடித்தாள். அந்த நாற்பத்தொரு நாளை இப்போது நினைத்தாலும் அவளுக்கு மூச்சு முட்டும். பிறகு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, இருபத்து மூன்று வயதில் தனக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வேலையைக் கண்டுபிடித்தாள்.

டிரைவ் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். செல்போன் டவர் வைக்கும் கம்பெனிக்கு ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிற ஓர் ஆபீஸ். அவர்கள் ஒரு பைக்குள் நாலு போனும் ஒரு லேப்டாப்பும் கொடுப்பார்கள். அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் சந்து சந்தாகச் சுற்ற வேண்டும். எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு, எங்கே பேச்சு அறுபடுகிறது என்று அந்தப் போன்கள் தாமே குறித்துக்கொள்ளும். சுற்றுவதற்குச் சம்பளம்! ஊரில் எத்தனையோ பேர் சும்மா சுற்றிப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இவளுக்கு அதுவே உத்தியோகம். நல்லூரிலிருந்து காங்கேயம் ரோடு வரைக்கும் அவள் ஸ்கூட்டர் நுழையாத சந்து இல்லை.

நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு இந்த ஆவணியில்தான் ஒரு வழி திறந்தது. மேனேஜர் மோகன்ராஜ் கூப்பிட்டுச் சொன்னார்: நல்லூரில் புதிதாக வைக்கும் ஐந்து ஆன்டெனாக்களும் தீபாவளிக்குள் டெஸ்டில் தேறிவிட்டால் அவளை நிரந்தரமாக்கிவிடுவார்கள். தேறாவிட்டால் ஒப்பந்தம் அத்தோடு முடிகிறது. அதன் பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த ஸ்டூல்தான்.

ஐந்தில் நாலு பிரச்சினை இல்லாமல் ஏறிவிட்டன. ஐந்தாவதுதான் சாரதாமணி அம்மாள் வீட்டு மொட்டை மாடி.

சாரதாமணி அம்மாள் பதினெட்டு மெஷின் வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறவர். கீழே யூனிட், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. அறுபதை நெருங்கும் வயசு. ஆன்டெனா வைக்க முதலில் சரி என்றவர், கம்பம் நட்டுப் பேனல் பலகையை மாட்டியதும் மிரண்டுவிட்டார். தலை வலிக்கிறது என்றார். மாடிக்கு வருகிற புறாக்களைக் காணோம் என்றார். கழற்றிக்கொண்டு போகச் சொல்லி நாலு தடவை போன் அடித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த மோகன்ராஜ் அனுப்பியது ரோஸ்மேரியை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவர் கணக்கு.

அன்று ரோஸ்மேரி மாடியில் நின்று விளக்கியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பழைய ஆன்டெனா ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். திருப்ப வேண்டுமென்றால் ஸ்பேனரோடு ஆள் ஏற வேண்டும். இது அப்படி இல்லை. இந்த வெள்ளைப் பலகைக்குள் அறுபத்துநாலு குட்டி ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே ஒருவர் போனை எடுத்தால் அந்த அலை அறுபத்துநாலையும் ஒரே நொடியில் தொடாது. ஒன்றை ஒரு துளி முந்தியும் இன்னொன்றை ஒரு துளி பிந்தியும் தொடும். அந்த முன்பின்னை வைத்தே ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பலகை கண்டுபிடித்துவிடும். பிறகு அதே முன்பின்னோடு அலையைத் திருப்பி அனுப்பினால் அது நேராக அவரிடமே போய்ச் சேரும். அவர் நடந்தால் கூடவே நடக்கும். மோட்டார் கிடையாது, பலகை இம்மிகூட அசையாது.

சாரதாமணி அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி கண்ணு, என் தலைக்கு நேரா நின்னுட்டுப் பாக்குதே, அது ஒத்துக்குமா?" என்றார்.

"அது உங்களைப் பாக்கறதில்லீங்கம்மா. கூப்புடறவிங்களைத்தான் பாக்கும். இதும் உங்க ஓவர்லாக் மெஷின் மாதிரி ஒரு மெஷின் தானுங்க. அதுகளுக்கு ஆயுத பூஜை போடறீங்கல்ல? இதுக்கும் ஒண்ணு போட்டு உடுங்க. உங்களுக்கு ஒரு கொறையும் வராதுங்க."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்துவிட்டது. அம்மாள் முகம் தெளிந்தது. ரோஸ்மேரியின் பையில் கம்பெனி அச்சடித்த ஒரு தாள் இருந்தது: பேனலுக்கு முன்னால் எதையும் தொங்கவிடக் கூடாது, மேலே எதையும் பூசக் கூடாது, ஒட்டக் கூடாது. இடத்துக்காரரிடம் கொடுத்து விளக்க வேண்டிய தாள். இப்போதுதான் வழிக்கு வந்தவரை மறுபடி பயமுறுத்துவானேன் என்று அவள் அதைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அடுத்த சந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

முதல் டெஸ்டில் எல்லாம் நன்றாக வந்தது. யூனிட்டுக்கு மேற்கே, வடநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் வரைக்கும் சிக்னல் பாய்ந்தது. அங்கே தண்ணித்தொட்டி முக்கில் சாயங்காலமானால் இருபது முப்பது பேர் நின்று ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். ஆயுத பூஜைக்கு அப்புறம் இறுதி டெஸ்ட் ஒன்றுதான் பாக்கி.

பூஜை முடிந்து யூனிட்டுகள் திறந்த மூன்றாம் நாள் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தண்ணித்தொட்டி முக்கில் பேச்சு அறுபடுகிறது. ரோஸ்மேரி போய்ச் சுற்றினாள். லேப்டாப் படத்தில் பச்சையாக இருந்த தெருவெல்லாம் சிவப்பாகிக் கிடந்தது. ஆனால் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள், ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது, ஒரு குறையும் காட்டவில்லை, நீங்கள் சரியாக டெஸ்ட் எடுங்கள் என்றார்கள். அந்தச் சொல் அவளைச் சுட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. புதிதாக எழும்பிய கட்டடம் மறைக்கிறதா என்று பார்த்தாள். பக்கத்து டவர் இடிக்கிறதா என்று பார்த்தாள். யாராவது தகர ஷெட் போட்டிருக்கிறார்களா என்று எட்டு வீட்டு மாடிகளில் ஏறிப் பார்த்தாள். தவறு தன் பையிலிருக்கும் டெஸ்ட் கிட்டில்தானோ என்று வேறு கிட் வாங்கி வந்து அதே தெருக்களை மறுபடி சுற்றினாள். அந்த ஒரு மாடியை மட்டும் பார்க்கவில்லை. அதன் சாவி சாரதாமணி அம்மாளிடம் இருந்தது. அம்மாள் வெள்ளகோவிலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், உடம்புக்கு முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். கம்ப்யூட்டரே நல்லாயிருக்கு என்கிற ஆன்டெனாவை ஏறிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

தொட்டி முக்கில் ஒரிசாக்காரி பிரியங்கா அவளைப் பார்த்தாலே ஓடி வருவாள். ஓவர்லாக் தையல் அடிக்கிறவள். மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். "தீதி... அக்கா, இன்னிக்கும் கட் ஆயிடுச்சு. பாப்பா மூஞ்சி அப்டியே நின்னுடுச்சு" என்று உடைந்த தமிழில் சொல்லிப் போனைக் காட்டுவாள். ரோஸ்மேரியால் அங்கே நிற்க முடியாது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவாள். பன்னிரண்டு நாள் அதே பொய்.

பதின்மூன்றாம் நாள் காலையில் சாரதாமணி அம்மாள் திரும்பி வந்துவிட்டார். தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. ரோஸ்மேரி சாவிக்குப் போய் நின்றபோது அம்மாளே முன்னால் படியேறினார்.

"வா கண்ணு, நீ பாக்கோணும்னுதான் நானும் நெனச்சேன். நீ சொன்னதை எப்படிச் செஞ்சு வெச்சிருக்கேன்னு பாரு."

மாடியில் கம்பம் பளபளத்தது. தண்ணீர்த் தொட்டியின் பைப், கைப்பிடிக் கம்பி, கேட் எல்லாம் பளபளத்தன. பூஜைக்குச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பேனலுக்கும் அடித்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை, முகம் முழுக்க, இரண்டு கோட்டிங், பிரஷ் தடம் தெரியாமல். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்த கதம்ப மாலை ஒன்று இன்னும் தொங்கியது.

சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள். அறுபத்துநாலு காதுக்கும் உலோகப் பொடியில் திரை போட்டாயிற்று. கீழிருந்து வரும் அலை பாதி திரும்பிப் போகிறது, மீதி கலங்கலாக உள்ளே போகிறது. ஆள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டிய பலகை ஆளைத் தவறவிட்டு எங்கெங்கோ அலையை வீசிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் மெஷின் நல்லாத்தான் இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மெஷினுக்கெல்லாம் ஆயில் போட்டுத் தொடச்சமா, இதுக்கு என்ன பண்றதுன்னு தெரீல. வெள்ளையா மொட்டையா இருந்துது. கேட்டுக்கு வாங்குன பெயிண்ட் மீதி கெடந்துது. நானே பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னேன்" என்றார் அம்மாள். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க ரோஸ்மேரியால் முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னாள். அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சாமி, நான் நல்லதுன்னு நெனச்சுப் பண்ணுனேன்" என்றார் இரண்டு தடவை.

அதற்கப்புறம் நின்று பேச அவகாசம் இல்லை. ரோஸ்மேரி மோகன்ராஜிடம் சொல்லி ஆன்டெனாவை இரண்டு மணி நேரம் அணைக்க வைத்தாள். பேனல் செய்கிற கம்பெனி ஆளுக்குப் போன் போட்டாள். சுரண்டக் கூடாது, மெதுவான கரைப்பானால் துடைக்கலாம், ஓரத்தில் முதலில் பரீட்சை பண்ணிப் பார் என்றார் அவர். கரைப்பானுக்கா பஞ்சம்? பனியனில் எண்ணெய்க் கறை எடுக்க யூனிட்டில் எப்போதும் இருக்கிறது. அம்மாள் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணியை மாடிக்குக் கொண்டுவந்து போட்டார். ஏணி வைத்து அவளும் அம்மாளும் துடைத்தார்கள். துணி கறுத்துக் கறுத்து வந்தது. பதினொரு மணிக்குள் பலகை ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது.

ஆன்டெனா மறுபடி உயிர் பெற்றதைச் சொல்ல மோகன்ராஜுக்கு அடித்தாள். அவர் சந்தோஷப்பட்டார்.

"பொழைச்சே போ. இப்ப ரிப்போர்ட் ஒண்ணு எழுதி அந்தம்மா கையெழுத்து வாங்கி அனுப்பு. எங்களைக் கேக்காம எடத்துக்காரங்களே பெயிண்ட் அடிச்சுட்டாங்கன்னு எழுதிரு. பெயிண்ட் பட்ட பேனலை வெச்சிருக்க மாட்டாங்க, மாத்திருவாங்க. அதை அந்தம்மாகிட்டயே வசூல் பண்ணிக்குவாங்க. உம்மேல ஒண்ணும் வராது. தீபாவளிக்கு நிரந்தர ஆர்டரோட வா."

"அவிங்களுக்கு விவரம் சொல்லாம உட்டது நான் தானுங்களே சார்."

"அதை நான் கேட்டனா?" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு மேலேயும் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ரோஸ்மேரி யூனிட்டின் ஆபீஸ் அறையில் லேப்டாப்பைத் திறந்தாள். இங்கிலீஷில் ஐந்து வரி. மோகன்ராஜ் சொன்னபடியே அடித்தாள். கால் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே பிரிண்ட் எடுத்து, "ஒரு கையெழுத்துங்கம்மா" என்று நீட்டினாள்.

சாரதாமணி அம்மாள் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைமேல் அவள் பக்கமாகவே திருப்பி வைத்தார். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு."

ரோஸ்மேரி தாளைப் பார்த்தாள். எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் அது அம்மாள் மேல் குற்றம். அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளை வாயால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கண் தாளில் இருக்க, வாய் வேறொன்றைச் சொன்னது: "இந்த பேனலுக்குப் பூஜை போடச் சொன்னது கம்பெனி ஊழியர் ரோஸ்மேரி. எதையும் பூசக் கூடாதுங்கற தாளை அவர் இடத்துக்காரருக்குக் கொடுக்கலை. இடத்துக்காரர் நல்ல எண்ணத்துல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. துடைச்சப்புறம் ஆன்டெனா சரியாயிருச்சு."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருவது வருசமா வெளிநாட்டு ஆர்டர் தெக்கறேன் கண்ணு. இங்கிலீசு ஆர்டர் படிக்கத் தெரியாமயா பீஸ் அனுப்பீட்டிருக்கேன்? நீ எழுதுனதை வாங்குனப்பவே படிச்சுட்டேன். நீ என்ன படிக்கறேன்னு பாக்கத்தான் குடுத்தேன்."

ரோஸ்மேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது, எழவும் முடியவில்லை. அம்மாள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீ வாயில படிச்ச மாதிரியே எழுதிக் கொண்டா. போடறேன்" என்றார் அம்மாள். பிறகு, "அதனால உனக்கு என்னாவும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் ரோஸ்மேரி. அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அது.

மாற்றி அடித்தாள். அம்மாள் தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ரோஸ்மேரி அதைப் படம் எடுத்து மோகன்ராஜுக்கும் கம்பெனி மேலிடத்துக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டு, இறுதி டெஸ்டுக்காக ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சந்து சந்தாகப் போனாள். பள்ளிவாசல் வீதி பச்சை, நிட்டிங் கம்பெனி வரிசை பச்சை, பஸ் நிற்கும் இடம் பச்சை. நாலு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான படம் அவளுக்கு வந்ததில்லை. கடைசியாகத் தண்ணித்தொட்டி முக்குக்கு வந்தபோது போன் அடித்தது. மோகன்ராஜ்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணுனே? நான் அனுப்ப முடியாதுன்னு சொல்றதுக்குள்ள நீ மேலிடத்துக்கும் சேர்த்து அனுப்பிட்டே. அவங்க இப்பத்தான் கூப்பிட்டாங்க. டெஸ்ட் ரிசல்ட்டைக் குடுத்துட்டு, சாயங்காலம் கிட்டை ஆபீஸ்ல கொண்டாந்து வெச்சிரு. இனி நம்மகிட்ட வேண்டாமாம். நான் பேசிப் பாத்தேன், ஆவலை." அவர் குரல் இறங்கியிருந்தது. அந்த விஷயத்தில் அவரைச் சந்தேகப்பட முடியாது.

மத்தியான வெயிலில் முக்கில் யாரும் இல்லை. ரோஸ்மேரி வண்டியை ஸ்டாண்ட் போட்டாள். டெஸ்டில் இன்னும் ஒரு கால் பாக்கி இருந்தது. பதினைந்து நிமிஷம் ஒரே கால் அறுபடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டில் இருந்த போனை எடுத்தாள். யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் சாரதாமணி அம்மாளுக்கு அடித்தாள்.

"டெஸ்டுங்கம்மா. கேக்குதுங்களா?"

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது கண்ணு."

"சரீங்க. அப்பிடியே லைன்ல இருங்க, பதினஞ்சு நிமிசம்." அதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். "வேலை போயிருச்சுங்கம்மா" என்று வந்துவிட்டது. உடனே வந்த அழுகையை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு. பன்னிரண்டு நாளாக இந்த முக்கில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அறுந்த லைன், இன்றைக்கும் ஒரு தடவை அறுந்து தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அறுபடவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட ஒன்று விடாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பின்னணியில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு யாரையோ கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கேட்பது கேட்டது.

"எங்க நிக்கறே?"

"தண்ணித்தொட்டி முக்குங்க."

"அங்கயே நில்லு கண்ணு, எங்கயும் போயிராதே. நான் வாரேன்."

ரோஸ்மேரி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அவர் வரும்வரை ஓர் அடி நகரவில்லை.